பக்கத்து வீட்டு நாய் காம்பவுண்டு தாண்டி வந்தால்

பெங்களூரில் 30க்கு 40 மனையில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். அங்கே குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இங்கே எண்ணலாம். ராமமூர்த்தி நகரில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கி என்றொரு ராட்வைலர் இன நாய் இருக்கிறது. சுவர் ஏறிக் குதித்து எங்கள் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று உறுமும். என் வீட்டுக்காரம்மா துணி காயப்போட வெளியே போக முடியாது. சொல்லப் போனால், "ஏனு மாடல்ல சார், தும்பா ஒள்ளேது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்றும் செய்யாதாம், ரொம்ப நல்லதாம். அவருக்கு நல்லதுதான், சோறு போடுகிறவர் ஆயிற்றே.

நான் ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி சங்கதியில் என் கண் முதலில் போவது நாய் மேல் அல்ல, அது வரும் வழி மேல். சண்டை, புகார், சட்டம் எல்லாம் அப்புறம். வழியை அடைக்காமல் மற்றதைச் செய்தால் மறுநாளும் நாய் உள்ளேதான் நிற்கும்.

அதற்கு முன், நாய் எதிரில் நிற்கும்போது என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓடாதீர்கள். ஓடினால் துரத்துவது அதன் குணம். கண்ணோடு கண் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். கையைத் தொங்கவிட்டு, கத்தாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிக் கதவுக்குள் போங்கள். முதுகைக் காட்ட வேண்டாம். வாலை ஆட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, வால் மட்டும் விறைப்பாக ஆடினால் அது நட்பு இல்லை. பாய்ந்தே விட்டதென்றால் கையில் இருக்கும் பக்கெட், துணிக்கூடை, குடை எதையாவது அதன் வாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நீட்டுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கள் பேத்திக்கு மரம் மாதிரி நிற்கும் விளையாட்டு என்று சொல்லிப் பழக்கினோம்.

சரி, வழிக்கு வருவோம். நாய் எங்கே ஏறுகிறது என்று மொட்டை மாடியில் நின்று ஒரு முறை பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்க நேரமில்லையென்றால் சுவரைப் பாருங்கள். எங்கள் சுவரில் மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வெள்ளைப் பூச்சு இரண்டு கோடாக உரிந்து, உள்ளே இருந்த சிமெண்ட் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பின்னங்கால் நகம் உரசிய தடம். அதற்கு நேர் எதிரே அவர் பக்கம் எட்டிப் பார்த்தால், வீடு கட்டி மீந்த ஹாலோ பிளாக் கல்லைச் சுவரோரம் படிக்கட்டு போட்டதுபோல அடுக்கி வைத்திருந்தார். ஐந்தடிச் சுவர் நாய்க்கு இரண்டரை அடிச் சுவராகிவிட்டது. கல்லை அந்த மூலையிலிருந்து நகர்த்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம் பக்கத்திலும் துவைக்கிற கல், பழைய சின்டெக்ஸ் தொட்டி, பூந்தொட்டி வரிசை எதுவும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. உள்ளே வந்த நாய் திரும்பிப் போக மட்டும் கேட் திறக்க வசதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக வழி தெரியாத நாய்தான் கடிக்கும்.

அடுத்தது கேட். மேடும் பள்ளமுமான தெருவில் கேட்டின் ஒரு ஓரத்துக்கு அடியில் இடைவெளி விழும். வெல்டிங் கடையில் சொன்னால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு ஒன்றை அளவெடுத்து வெட்டிக் கீழே பற்றவைத்துக் கொடுப்பார்கள். தரையைத் தொடாமல் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சேற்றில் மாட்டும். மேலே தூக்கிப் போடும் கொண்டியைப் பெரிய நாய் மூக்கால் தட்டித் திறந்துவிடும். அதனால் தாழ்ப்பாள் கிடையாக இழுத்துப் போடுவதாக இருக்கட்டும். பால்காரரும் பேப்பர் பையனும் கேட்டை இழுத்துவிடாமல் போவார்கள். கீலில் ஒரு ஸ்பிரிங் போட்டுவிட்டால் அவர்களிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சுவரை உயர்த்துவது செலவு. அது யார் சுவர் என்ற கேள்வியும் வரும். நான் செய்தது, என் மனைக்குள் சுவரை ஒட்டி எல் ஆங்கிள் இரும்பு நட்டு, சுவருக்கு மேல் இரண்டடிக்குச் செயின் லிங்க் வலை கட்டியது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, அவர் கேள்வி கேட்க இடமில்லை. வலைக்கு மேல் பச்சை நிழல் வலையையும் கட்டிவிடுங்கள். எதிரே ஆள் நடமாடுவது கண்ணில் பட்டால் நாய்க்கு இன்னும் வெறி ஏறும். கண்ணில் படாவிட்டால் பாதி குரைப்பு அடங்கும். வலை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: சுவரின் நீளத்துக்கு ஜிஐ கம்பியை முறுக்கிக் கட்டி, அதில் நாலங்குல பிவிசி குழாயை நுழைத்துவிடுங்கள். நாய் முன்னங்காலை வைத்ததும் குழாய் உருளும், பிடி கிடைக்காது. காசு குறைவு, காயமும் இல்லை. கண்ணாடிச் சில்லு பதிக்கும் வேலை மட்டும் வேண்டாம். நாயைவிட அது முதலில் கிழிப்பது பந்து எடுக்க ஏறும் பையனின் கையை.

நாய் வராது என்று நம்பிக் கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கவிடுவதை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நாய் அதன் பக்கத்திலேயே காலைத் தூக்கிவிட்டுப் போகும். ஃபினாயில், மிளகாய்த்தூள் இதெல்லாமும் வீண். அதைவிட ஈரக்குப்பை வாளியை மூடி வைப்பது பலன் தரும். ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பு வாசனைக்கு எந்த நாயும் சுவர் ஏறும்.

இனி ஆளிடம் பேசுவது. நாய் உள்ளே வந்த அந்த நிமிடத்தில் கேட்டைத் தட்டாதீர்கள். இரண்டு பக்கமும் சூடாக இருக்கும். ஞாயிறு காலை, தனியாகப் போங்கள். தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போனால் அவர் நாய் பக்கம்தான் நிற்பார், அது மனித இயல்பு. கன்னடக்காரர் என்றால் கன்னடத்தில் பேசுங்கள். நம் அரைகுறைக் கன்னடம் நல்ல ஆங்கிலத்தைவிட அதிகம் வேலை செய்யும். "நாயை ஒழுங்கா வெச்சுக்கோங்க" என்பதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "அந்தக் கல்லை நகர்த்துங்கள், குப்பை ஆட்டோ வரும் நேரத்தில் கட்டி வையுங்கள், ரேபிஸ் ஊசி போட்ட சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சீட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டச் சொல்லாதீர்கள். கட்டியே கிடக்கும் நாய்க்கு மூர்க்கம் கூடும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அப்படிக் கட்டிப்போடுவதைக் குற்றம் என்கிறது. தினம் நடக்க அழைத்துப் போனால், கருத்தடையும் செய்துவிட்டால், சுவர் ஏறும் வேகம் குறையும். பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும், பேசியதை மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது பின்னால் உதவும். அவர் வாடகைக்கு இருப்பவரானால் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு வார்த்தை.

பேச்சுக்கு மசியவில்லை என்றால்தான் புகார். நாய் உள்ளே வரும் வீடியோ, தேதி, அனுப்பிய செய்தி இவற்றை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: தன் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய் உள்ளே நின்று ஆளை வெளியே விடவில்லை என்றால் 112க்கு அடியுங்கள், போலீசின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும். மாநகராட்சிக்கு 1533. ஆனால் ஒன்று, கருத்தடைக்கு நாய் பிடிக்கும் வண்டி தெருநாய்களுக்கானது, வளர்ப்பு நாயை அதில் ஏற்றிக்கொண்டு போகமாட்டார்கள். "ராட்வைலர் தடை செய்த இனம் சார்" என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு அப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இனத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் புகார் நீர்த்துப் போகும்.

தெருவுக்கு ஒருவர், "ஒரு பிஸ்கட் போட்டா முடிஞ்சுது" என்று காதோடு சொல்வார். விஷம் வைத்துக் கொல்வது அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த ஆளோடு டீ குடிப்பதையே நிறுத்திவிடுங்கள்.

கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) ஊசியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று உரிமையாளர் சொன்னாலும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், அதனால் அதை ஊருக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தீபாவளி வாரத்திலும், கணேசர் ஊர்வலத்தில் தமட்டை அடிக்கும் நாட்களிலும் அமைதியான நாய்கூட மிரண்டு, ஏறாத சுவரை ஏறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லி, சாயங்காலம் ஆறு மணிக்குள் நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நம் வீட்டில் வெடி வெடிப்பதை அந்தச் சுவரோரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், மொட்டை மாடிக்கோ தெரு முனைக்கோ கொண்டுபோங்கள்.