பழைய ஏஎஸ்/400-ல் டிஸ்க் சேர்க்கும் முன்

கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் சம்பளம், பஞ்சு இருப்பு, நூல் பில் எல்லாம் இன்னும் பழைய ஐபிஎம் சர்வரான ஏஎஸ்/400-ல்தான் ஓடுகின்றன. டிஸ்க் 90 சதவீதத்தைத் தொட்டதும் எச்சரிக்கை வர ஆரம்பித்தது. “ரெண்டு டிஸ்க் வாங்கிச் சொருகி விடுங்க தம்பி” என்றார் மேனேஜர். சொருகுவது ஐந்து நிமிட வேலைதான். வம்பெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

வாங்கும்போதே பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண சர்வர் டிஸ்க்கில் செக்டருக்கு, அதாவது தரவை எழுதும் சிறு கட்டத்துக்கு, 512 பைட். இந்த மெஷின் கேட்பது 520. கூடுதல் 8 பைட்டில் அது தன் சொந்தக் குறிப்பை எழுதிக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒன்றை வாங்கினால் பெட்டிக்குள் பொருந்தும், வேலைக்கு ஆகாது. கொள்ளளவும் ரெய்டில் (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு போகாமல் காக்கும் அமைப்பு) ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒத்துப்போகட்டும்.

பெரிய தவறு அடுத்தது, நானே செய்தது. இங்கே சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. ஏஎஸ்பி என்ற தொகுப்பில் உள்ள எல்லா டிஸ்க்குகளிலும் தரவைத் தூவி வைக்கும். ஒரு பில்லின் பாதி ஒன்றில், மீதி வேறொன்றில். அதனால் பாதுகாப்பில்லாத ஒரே ஒரு டிஸ்க் செத்தாலும் தொகுப்பே போச்சு. புது டிஸ்க்கை முதலில் ரெய்டு பாரிட்டி என்ற அந்தப் பாதுகாப்புக்குள் சேர்த்து, அப்புறம்தான் ஏஎஸ்பியில் சேர்க்க வேண்டும். ராத்திரி பதினொரு மணி அவசரத்தில் நான் நேராக ஏஎஸ்பியில் சேர்த்தேன். உறுதிசெய்யும் திரையில் அந்த டிஸ்க்குக்கு நேரே ‘அன்புரொடெக்டட்’ (பாதுகாப்பில்லை) என்றுதான் இருந்தது. படித்துவிட்டே எண்டரைத் தட்டினேன். ஞாயிறு முழுக்க மெஷினை நிறுத்தித்தான் சரிசெய்ய முடிந்தது.

சேர்க்கும்போது தரவைச் சமன்படுத்தும் ஆப்ஷனையும் எடுங்கள். இல்லாவிட்டால் பழைய டிஸ்க்குகள் நிறைந்தே கிடக்க, புதிதாக எழுதுவதில் பெரும்பகுதி காலியான ஒன்றின் தலையில் விழும். மெஷின் ஓடும்போது டிஸ்க்கைக் கழற்றவோ மாட்டவோ வேண்டுமென்றால், எஸ்எஸ்டி (சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸ்) மெனு வழியாக மட்டும். கையால் உருவக் கூடாது. இதற்கெல்லாம் முன்னால் சேவ் மெனுவின் 21-ஆம் ஆப்ஷனில் முழு பேக்கப் எடுத்து, டேப்பைப் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம்மூர் மின்வெட்டைத் தெரிந்துகொண்டே யுபிஎஸ் பேட்டரியைச் சோதிக்காமல் இதில் இறங்குபவர்களை என்ன சொல்ல!

எல்லாம் முடிந்த பிறகு அச்சுக்கு அனுப்பியவற்றை டிஸ்க்கிலேயே சேர்த்து வைக்கும் ஸ்பூல் ஃபைல்களைச் சும்மா திறந்து பார்த்தேன். வருடக்கணக்கான சம்பளப் பட்டியல் அச்சுகள், ஒன்றுகூட அழிக்கப்படாமல். மேனேஜரிடம் காட்டினேன். “அப்போ ஒரு டிஸ்க்கே போதுமாயிருந்திருக்குமோ?” என்றார்.