வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறீர்களா? சேலத்திலேயே பழக ஆரம்பியுங்கள்

அமெரிக்கா, ஜெர்மனி, துபாய் எல்லாவற்றிலும் வண்டிகள் சாலையின் வலது பக்கம்தான் போகும், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கேயும் நம்மைப் போலத்தான்.

முதலில் பேப்பர் வேலை. பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் வைத்து ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். அங்கேயே தங்கப் போகிறவர்கள் எப்போது உள்ளூர் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதைப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கிளம்புவதற்கு முன் ஒரு பயிற்சி. யாராவது ஏற்காட்டுக்குக் கார் எடுத்தால் முன் சீட்டில் இடது பக்கம் உட்காருங்கள், ஏனென்றால் வெளிநாட்டில் ஓட்டும்போது உங்கள் இடம் அதுதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் போனைப் பார்க்காமல், உங்களுக்கு வலது பக்கம் வண்டி எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, வலது முன் சக்கரம் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். புதிதாக இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் தங்களை அறியாமல் வலது ஓரத்துக்கு ஒதுங்கி, நடைபாதை விளிம்பில் டயரை உரசுவது இந்த அளவு கண்ணுக்குப் பழகாததால்தான்.

மனதில் வைக்க ஒரே விதி போதும்: டிரைவர் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம். இங்கே கோடு உங்கள் வலது தோள் பக்கம், அங்கே இடது தோள் பக்கம்.

அங்கே போனதும் ஆட்டோமேட்டிக் கார் கேளுங்கள், வலது கையால் கியர் மாற்றும் தொல்லை முதல் நாளே வேண்டாம். பிரேக், ஆக்சிலரேட்டர் இடம் மாறாது. ஆனால் நம் ஊர் கார்கள் பெரும்பாலானவற்றில் வலது கைக்கு இருக்கும் இண்டிகேட்டர் அங்கே இடது கைக்கு வந்துவிடும், அதனால் நிறுத்தின இடத்திலேயே நாலு தடவை போட்டுப் பாருங்கள், கண்ணாடிகளையும் சரிசெய்துவிடுங்கள்.

திருப்பங்களில் வலது குறுகலாக வரும். இடதுதான் எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு, சுற்றி அகலமாக எடுக்கவேண்டியது. ரவுண்டானாவை வலது பக்கமாக நுழைந்து சுற்றவேண்டும், இடது பக்கமிருந்து சுற்றி வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள்.

இவ்வளவும் சரி, ஆனால் நான் உண்மையில் பயப்படச் சொல்வது காலியான சாலைக்குத்தான். சேலம் ஐந்து ரோடு சந்திப்பு மாதிரி நெரிசலில் முன்னே போகும் வண்டியைப் பின்தொடர்ந்தாலே சரியான பக்கத்தில் இருப்பீர்கள். அதிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்தோ பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போது பின்பற்ற ஒரு வண்டிகூட இருக்காது, அந்த நொடியில்தான் கை பழைய பழக்கத்துக்கு இடது பக்கம் திருப்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறை சாலையில் ஏறும்போதும் பக்கத்தில் இருப்பவரை "வலது" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், தனியாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், நடந்து சாலையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள், வண்டி அங்கிருந்துதான் வரும். பஸ்ஸின் கதவும் வலது பக்கம்தான், ஸ்டாப்பை எதிர்ப்பக்கத்தில் தேடி நிற்காதீர்கள்.