மின்னிதழ் இருப்புத் தரவைச் சரியாக வைத்திருப்பது எப்படி? (எம்பார்கோ என்ற தடைக்காலக் கணக்கு உட்பட)

எந்த மின்னிதழ், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை நம் நூலகத்துக்குக் கிடைக்கிறது என்று சொல்வதே இருப்புத் தரவு. அது தப்பானால் இரண்டு விதமாகத் தொல்லை வரும். நூலகத் தேடலில் "முழுக்கட்டுரை உண்டு" என்று காட்டும், சொடுக்கினால் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வரும். இது ஒன்று. சந்தா கட்டிய இதழே தேடலில் தலைகாட்டாது. இது இன்னொன்று. முதலாவதற்கு வாசகர் புகாராவது சொல்வார். இரண்டாவதற்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கீழே உள்ள வேலைமுறை இரண்டையும் பிடிக்கும்.

1. சரியான கோப்பை எடுங்கள்

மூன்று பட்டியல்கள் வேண்டும்: உரிம ஒப்பந்தத்தோடு வந்த இதழ்ப் பட்டியல், பதிப்பகம் தரும் கேபார்ட் (KBART) கோப்பு, அதாவது இதழ்களையும் அவை கிடைக்கும் காலத்தையும் பொது வடிவத்தில் தரும் பட்டியல், உங்கள் நாலெட்ஜ் பேஸில் (நூலகத் தேடலுக்கு இதழ் விவரம் தரும் தரவுத்தளத்தில்) இப்போது டிக் செய்திருப்பதன் ஏற்றுமதி. கேபார்ட் கோப்பில் இரண்டு வகை உண்டு. ஒரு பேக்கேஜில் (ஒன்றாக விற்கும் இதழ்த் தொகுப்பில்) உள்ள எல்லாவற்றையும் சொல்லும் பொதுக் கோப்பு ஒன்று. உங்கள் நூலகத்துக்கு என்னென்ன திறந்திருக்கிறது என்று சொல்லும் தனிக் கோப்பு மற்றொன்று. தனிக் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். பொதுக் கோப்பு மட்டும்தான் என்றால் ஒப்பந்தப் பட்டியலை வைத்து வடிகட்டாமல் ஏற்றவே கூடாது.

2. எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள்

கேபார்ட் என்பது டேப் இட்டுப் பிரித்த, யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள வெறும் உரைக்கோப்பு. 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி 25 நெடுவரிசைகள். நேராக எக்செலில் திறந்தால் "1-2" என்ற இணைப்பு வெளியீட்டு எண் ஜனவரி 2 அல்லது பிப்ரவரி 1 என்று தேதியாகிவிடும். கோடில்லாமல் எழுதிய ஐஎஸ்எஸ்என்னின் (இதழை அடையாளம் காட்டும் எண்ணின்) முன் சுழியங்கள் காணாமல் போகும். பிரெஞ்சு, ஜெர்மன் தலைப்புகளில் உள்ள குறியிட்ட எழுத்துகள் சிதையும். சேமித்துவிட்டால் திரும்ப வராது.

என் தேர்வு லிப்ரே ஆபிஸ் கால்க். கோப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8, பிரிப்பான் டேப் என்று கொடுத்து, எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து வகையை "உரை" என்று மாற்றிவிடலாம். மாதாமாதம் ஒப்பிடும் வேலைக்கு ஓப்பன்ரிஃபைன் இன்னும் நல்லது.

3. ஐஎஸ்எஸ்என் சரிபார்ப்பு

எட்டு இலக்கம், நடுவில் கோடு, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். 'நேச்சர்' இதழின் அச்சு எண் 0028-0836-ஐப் பாருங்கள். முதல் ஏழு இலக்கங்களையும் 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 82. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 11-இலிருந்து 5 போனால் 6, அதுவே கடைசி இலக்கம். மீதி 0 என்றால் கடைசி இலக்கமும் 0. கழித்து 10 வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் எழுத்து வரும். ஆகவே எக்ஸைப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அச்சு எண்ணும் இணைய எண்ணும் இடம் மாறி உட்காருவது சகஜம், அதையும் பாருங்கள்.

4. தேதிகளும் எம்பார்கோவும்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

தொடக்கத் தேதி என்பது முதல் வெளியீட்டின் அட்டையில் உள்ள தேதி. அது இணையத்தில் ஏற்றப்பட்ட நாள் அல்ல, உங்கள் சந்தா தொடங்கிய நாளும் அல்ல. 1869-இல் தொடங்கிய இதழை 2008-இல் மின்வடிவில் ஏற்றியிருந்தால், முழு ஆவணமும் திறந்திருக்கும்வரை தொடக்கம் 1869 தான். தேதியை 1999, 1999-05, 1999-05-01 என்ற மூன்று வடிவங்களில் ஒன்றாக மட்டுமே எழுத வேண்டும். இன்றுவரை கிடைக்கிறது என்றால் முடிவுத் தேதியைக் காலியாக விட வேண்டும். அங்கே "இன்றுவரை" என்றோ 9999 என்றோ போட்டால் தேடலிலிருந்து கட்டுரைக்குப் போகும் இணைப்பு குழம்பும். நடுவில் சில ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் ஒரே இதழுக்கு இரண்டு வரிகள் எழுதுங்கள்.

ஆண்டுக்கு ஒரு தொகுதி வரும் இதழ்களுக்குச் சுலபமான சோதனை உண்டு: ஆண்டிலிருந்து தொகுதி எண்ணைக் கழித்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். முதல் தொகுதி 1980 என்றால் 1997-க்கு 18. தொடக்க விவரத்துக்கும் முடிவு விவரத்துக்கும் வேறு வேறு எண் வந்தால் ஏதோ ஒன்று தப்பு.

இனி எம்பார்கோ, அதாவது குறிப்பிட்ட காலத்து வெளியீடுகளை மூடிவைக்கும் தடை. கோப்பில் அது ஒரு குறியீடாக இருக்கும். அது பி (P) என்று தொடங்கினால் புதியவை மூடியிருக்கும், பழையவை திறந்திருக்கும். ஆர் (R) என்று தொடங்கினால் அதற்கு நேர்மாறு: அண்மைக் காலத்தவை மட்டும் திறந்திருக்கும். இதுவரை எல்லோருக்கும் புரியும். பிழை வருவது கடைசி எழுத்தில். ஆண்டைக் குறிக்கும் ஒய் இருந்தால் கணக்கு காலண்டர் ஆண்டுப்படி நகரும்; நாளைக் குறிக்கும் டி இருந்தால் தினமும் நகரும். பி1ஒய் (P1Y) என்றால் "நடப்பு ஆண்டு தவிர எல்லாம்". பி365டி (P365D) என்றால் "கடந்த 365 நாட்கள் தவிர எல்லாம்". பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், 2024 டிசம்பர் வெளியீடு முதலாவதில் 2025 ஜனவரி 1 அன்றே திறந்துவிடும்; இரண்டாவதில் 2025 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம்! மாதத்துக்கும் இதே விதிதான். "நடப்பு மாதமும் அதற்கு முந்தைய ஆறு மாதமும் மட்டும்" என்பது ஆர்7எம் (R7M), ஆர்6எம் அல்ல.

ஒப்பந்தத்தில் "12 மாதத் தடை" என்று எழுதியிருந்தால் எந்தக் கணக்குப்படி என்று பதிப்பகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாமாக ஒன்றை ஊகித்துப் போடுவதுதான் பிழைகளுக்கு ஊற்றுக்கண்.

5. விளிம்புகளில் சோதியுங்கள்

இதழின் முகப்புப் பக்கம் திறந்தால் எதுவும் நிரூபணமாகாது. முதல் வெளியீட்டில் ஒரு கட்டுரை, கடைசி வெளியீட்டில் ஒரு கட்டுரை, எம்பார்கோ எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒவ்வொன்று என்று பிடிஎஃப் வரை போய்த் திறந்து பாருங்கள். நடுவில் உள்ள ஆண்டுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எந்தக் கட்டுரையை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தலையங்கம், நூல் மதிப்புரை, பிழைதிருத்தம் போன்றவற்றைப் பல பதிப்பகங்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும். கலப்புவகை இதழ்களில் திறந்த அணுக்கக் கட்டுரைகள் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) சந்தாக் கட்டுரைகளின் ஊடே ஊடே வரும். ஆண்டின் முதல் வெளியீட்டை மாதிரிக்கு இலவசமாகத் தருவோரும் உண்டு. இவற்றில் ஒன்றைத் திறந்துவிட்டு "சந்தா வேலை செய்கிறது" என்று குறித்தால் தரவு பொய்யாகிவிடும். சந்தாப் பூட்டுள்ள ஆய்வுக் கட்டுரையாகப் பார்த்து எடுங்கள்.

சோதனையை நூலக வலையமைப்புக்குள் ஒருமுறை, வெளியிலிருந்து ப்ராக்ஸி (வெளியே இருப்பவரை நூலகத்தின் பெயரில் உள்ளே விடும் இடைச் சேவையகம்) வழியாக ஒருமுறை, இரண்டையும் மறைநிலைச் சாளரத்தில் செய்யுங்கள். எல்லா இதழ்களையும் இப்படிப் பார்க்க முடியாது. மாற்றம் வந்த வரிகள் அனைத்தும், மீதியில் பேக்கேஜுக்கு ஐந்து வீதம், போதும்.

6. மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள்

பழைய கோப்பை அழிக்காதீர்கள். கோப்புப் பெயரிலேயே தேதி இருப்பது இதற்காகத்தான். பழையதையும் புதியதையும் டைட்டில்_ஐடி (பதிப்பகம் இதழுக்குத் தரும் அடையாளக் குறி), தொடக்கத் தேதி இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். ஐஎஸ்எஸ்என்னை மட்டும் வைத்துப் பொருத்தினால் இரண்டு வரியுள்ள இதழ்கள் சிக்கிக்கொள்ளும். சேர்ந்தவை, மாறியவை, காணாமல் போனவை என்று மூன்றாகப் பிரியும். காணாமல் போனவற்றை உடனே நீக்காதீர்கள். இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போயிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். சந்தாக்கள் புதுப்பிக்கப்படும் ஜனவரியில் இந்தப் பட்டியல் நீளமாக வரும், அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கூடவே பதிப்பகங்கள் தரும் கவுண்டர் (COUNTER) பயன்பாட்டு அறிக்கைகளில் டிஆர்_ஜே2-ஐ (TR_J2) எடுங்கள். அணுக்கம் மறுக்கப்பட்ட எண்ணிக்கை அதில் இருக்கும். சந்தா கட்டிய இதழுக்கு "உரிமம் இல்லை" என்ற மறுப்பு வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பதிப்பகம் திறக்க மறந்திருக்கிறது, அல்லது உங்கள் உரிமத்தில் இல்லாத ஆண்டுகளை நீங்கள் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பின்சேர்க்கை (வாசகர் கேள்விகளுக்காக)

*பெயர் மாறிய இதழ்:* சில பதிப்பகங்கள் பழைய பெயரில் வந்த ஆண்டுகளையும் புதிய பெயரின் கீழே ஒரே வரியில் அடைத்துவிடுகின்றன. மேற்கோளில் பழைய ஐஎஸ்எஸ்என் இருக்கும், இணைப்பு அதைத் தேடித் தோற்கும். பழைய பெயருக்குத் தனி வரி, அதற்குரிய ஐஎஸ்எஸ்என், அதற்குரிய முடிவுத் தேதி என்று பிரித்து எழுதுங்கள், பதிப்பகத்துக்கும் தெரிவியுங்கள்.

*சந்தாவை நிறுத்திய இதழ்:* கட்டிய ஆண்டுகளுக்கு நிரந்தர அணுக்கம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். உண்டென்றால் வரியை நீக்காமல் முடிவுத் தேதியைப் போட்டு மூடி, எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு என்று குறிப்பில் எழுதிவையுங்கள்.

*உள்ளே திறக்கிறது, வெளியே திறக்கவில்லை:* இருப்புத் தரவைத் தொடாதீர்கள். பதிப்பகம் புதிய தளத்துக்கு மாறியிருந்தால் அந்த டொமைன் ப்ராக்ஸி அமைப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.