பொறியியல் கலந்தாய்வு: அரசுப் பள்ளித் தம்பி தங்கைகளுக்குக் கைகொடுப்பது எப்படி?

மார்க் இருந்தும், ஒரு சான்றிதழ் இல்லாததால் சலுகையை இழக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. வீட்டில் கல்லூரிக்குப் போனவர் இல்லையென்றால் யாரிடம் கேட்பார்கள்? கல்லூரியில் படிக்கும் நீங்கள்தான் அந்த ஆள்.

1. பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். ரிசல்ட் வந்தபிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் அள்ளும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி என எவை தேவை என்று பாருங்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் கேளுங்கள்.

2. விண்ணப்பத்தில் வீட்டிலேயே இருக்கும் செல்போன் எண்ணைக் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

3. கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்கு. கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. கணிதம் 82, இயற்பியல் 74, வேதியியல் 70 என்றால் 82+37+35=154. பேப்பரில் அவர்களையே போடவிடுங்கள்.

4. அதிக நேரம் ஒதுக்க வேண்டியது, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலுக்குத்தான். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருப்பதைத்தான் ஒதுக்குவார்கள். அதனால் 'கிடைக்குமா' என்று பயந்து ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம். மேலே வைப்பதால் நஷ்டமே இல்லை. பத்தோடு நிறுத்தாமல் நிறையச் சேருங்கள். சென்ற ஆண்டு அதே படிப்பில், அவர்களின் சாதிப் பிரிவுக்கு எந்த கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்று பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். பெண் பிள்ளை என்றால் பஸ் வசதி, விடுதி பற்றி அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கடைசி நேரத்தில் 'அவ்வளவு தூரமா' என்ற தடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

5. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அந்த இடத்தை ஏற்பதா என்று கெடுவுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் தினமும் ஒரு போன் போடுங்கள்.

அப்புறம், சேர்ந்த கையோடு அரசின் உதவித்தொகைக்கு, பெண்கள் என்றால் புதுமைப் பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்குக் கல்லூரியிலேயே பதியச் சொல்லுங்கள். மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.