செயின்சா வாங்கும் முன்: மலைத் தோட்டத்துக்கான நடுத்தர இயந்திரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

போன ஐப்பசியில் அடித்த காற்றில் ஏற்காட்டில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் ஏழு சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்தன. ஏழிலும் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அவற்றை அறுத்து ஒதுக்கினால்தான் பழம் பறிக்க ஆட்கள் உள்ளே போக முடியும். வழக்கமாக வரும் மரம் அறுப்பவர், "மலை முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது அண்ணே, பத்து நாளாவது ஆகும்" என்றார். என்னிடம் இருந்த பழைய செயின்சாவோ அதற்கு முந்தைய கோடையிலேயே பிஸ்டன் பிடித்து நின்றுபோயிருந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் மூன்று வாரம் செலவழித்து நான்கு இயந்திரங்களை ஒப்பிட்டேன். இரண்டைச் சேலத்துக் கடைகளில் பார்த்தேன். இரண்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இரவல் வாங்கினேன். அந்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெட்ரோலில் எண்ணெய் கலப்பது, செயின் மாட்டுவது போன்றவை இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: முதலில் உங்கள் மரத்தை அளந்துகொள்ளுங்கள்

நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடாவால் அளந்து, வரும் அளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். எங்கள் சில்வர் ஓக் மரங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ. விட்டம் கொண்டவை. இதற்கு 40 செ.மீ. பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), அதாவது 16 அங்குலப் பார் போதும். அதைவிடப் பெரிய மரம் எப்போதாவது வந்தால் இரண்டு பக்கமும் நின்று அறுக்கலாம். 22 அங்குலப் பார் கடையில் கம்பீரமாகத்தான் தெரியும். சரிவில், காப்பிச் செடிகளுக்கு நடுவில், அதன் நுனி எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நுனி இடித்தால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். தேவைக்கு மேல் நீளமான பாரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 2: சிசியை ஒதுக்கிவிட்டு கிலோவாட்டைக் கேளுங்கள்

கடையில் எல்லோரும் சிசியைத்தான் சொல்வார்கள். அது சிலிண்டரின் கொள்ளளவு, சக்தியின் அளவல்ல. ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 271, எம்.எஸ். 261 இரண்டுமே 50.2 சிசி. ஆனால் முதலாவது 2.6 கிலோவாட், 5.6 கிலோ எடை. இரண்டாவது 3.0 கிலோவாட், 4.9 கிலோதான். ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 450-உம் அதே 50.2 சிசி, சக்தி 2.4 கிலோவாட், எடை சுமார் 5 கிலோ. 45.4 சிசி கொண்ட எம்.எஸ். 250 தருவது 2.3 கிலோவாட், எடை 4.6 கிலோ.

இப்போது எடையைச் சக்தியால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ சுமக்கிறோம் என்பது தெரிந்துவிடும். எம்.எஸ். 271-க்கு 2.15, ஹஸ்க்வர்னா 450-க்கு ஏறத்தாழ 2.1, எம்.எஸ். 250-க்குச் சரியாக 2, எம்.எஸ். 261-க்கு 1.63. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். குதிரைத்திறனில் சொன்னால் 1.36 ஆல் வகுத்துக் கிலோவாட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பெயர் தெரியாத இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் சிசியை அப்படியே நம்ப வேண்டாம். சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் கேளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, பிஸ்டன் தூரத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுக்க வேண்டும். எம்.எஸ். 250-க்கு விட்டம் 42.5 மி.மீ., தூரம் 32 மி.மீ.; கணக்குப் போட்டால் 45.4 வருகிறது. எழுதியிருப்பதும் கணக்கும் ஒத்துப்போகாத இயந்திரத்தை நான் வாங்க மாட்டேன்.

படி 3: தராசில் தொங்கவிடுங்கள்

விளம்பரத்தில் இருப்பது பார், செயின், பெட்ரோல், எண்ணெய் எதுவும் இல்லாத வெற்று எடை. மிளகு மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் முழுதாக நிரப்பிய இயந்திரத்தை மாட்டிப் பாருங்கள். 4.6 கிலோ இயந்திரத்தோடு 16 அங்குலப் பாரும் செயினும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல், 200 மில்லி செயின் எண்ணெய் என்று கூட்டினால் ஆறு கிலோவைத் தாண்டிவிடும்.

எடை பார்த்த பிறகு முன் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பாரின் நுனி லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தால் நல்ல சமநிலை. குப்புற விழுந்தால் அந்தச் சுமை முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான்.

படி 4: கீழே ஓட்டிப் பார்த்தது மேலே செல்லாது

இந்தப் படியில்தான் நான் பழைய இயந்திரத்தை இழந்தேன். நிதானமாகப் படியுங்கள்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வரும்போது காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மேலே குளிர்ச்சி என்பதால் அதில் கொஞ்சம் ஈடாகிறது. ஆனாலும் சாதாரணக் கார்புரேட்டர் உள்ள இயந்திரம் மலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. எனவே கலவையில் பெட்ரோல் அதிகமாகி, புகை வரும், பிளக் கறுக்கும், மரத்தில் வைத்தால் இயந்திரம் திணறும்.

இதற்குத் தீர்வு கார்புரேட்டரில் 'எச்' என்று குறித்த திருகு. முதலில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அடைத்த பில்டரோடு திருகைத் தொட்டால் எல்லாமே தவறாகிவிடும். இயந்திரம் சூடேறட்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் செயின் ஓடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு எச் திருகை வலப்பக்கமாக, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் திருப்பி, ஒரு துண்டு அறுத்துப் பார்த்து, மறுபடியும் கேளுங்கள். காதுதான் இங்கே அளவுகோல். வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும். பார் மரத்துக்குள் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சீராக வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம். வெளியே ஓடும்போதே விசில்போலக் கீச்சிட்டால் பெட்ரோல் குறைவு; உடனே திருகை இடப்பக்கம் திருப்புங்கள். சுற்று அளக்கும் கருவி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கையேட்டில் உள்ள அதிகபட்சச் சுற்றை ஒருபோதும் தாண்டக் கூடாது.

நான் இப்படித்தான் மலையில் அழகாகச் சரிசெய்து வைத்திருந்தேன். மே மாதத்தில் ஆத்தூர் பக்கத்தில் இருக்கும் என் மைத்துனர் தென்னை அறுக்கக் கேட்டார். அப்படியே கொடுத்துவிட்டேன். கீழே காற்று அடர்த்தி அதிகம். நான் மலைக்காகக் குறைத்த பெட்ரோல் அங்கே போதவில்லை. பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகிறது. அது குறைந்தால் சூடும் ஏறும், உராய்வும் ஏறும். அரை மணி நேரத்தில், "மாமா, கயிறு இழுக்க வரவில்லை" என்று போன் செய்தார். சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, ஆணியால் கீறியதுபோல் நெடுங்கோடுகள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அந்தக் கோடுகளுக்குள்ளேயே நசுங்கி ஒட்டியிருந்தது. புது சிலிண்டருக்கு ஆகும் செலவு பழைய இயந்திரத்தின் மதிப்பை நெருங்கிவிட்டது.

ஆகவே, மேலும் கீழும் இயந்திரத்தைக் கொண்டுபோகிறவர் என்றால், கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் இயந்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவல்ல. ஸ்டில் இதை எம்-ட்ரானிக் என்கிறது. ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் என்கிறது. ஸ்டில் எம்.எஸ். 261 சி-எம், ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. போன்ற தொழில்முறை இயந்திரங்களில் இது இருக்கிறது. மலையை விட்டு இறங்காத இயந்திரத்துக்கு இது கட்டாயமில்லை.

பின்சேர்க்கை: தன் இயந்திரத்தில் எச் திருகு ஓரளவுக்கு மேல் திரும்பவே இல்லை என்று ஒரு வாசகர் எழுதினார். புகை விதிகளுக்காகச் சில இயந்திரங்களில் திருகின் மேல் பிளாஸ்டிக் மூடி வைத்து, திரும்பும் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். குறடு வைத்து இழுக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

படி 5: ஒரே மரம், ஒரே கூர்மை

ஒப்பிடும்போது எல்லா இயந்திரத்திலும் ஒரே நீளப் பார், புதுச் செயின் இருக்க வேண்டும். முதலில் இதை நான் கவனிக்கவில்லை. இரவல் வாங்கிய 50 சிசி இயந்திரம் கடையின் 45 சிசியிடம் தோற்றது. அதன் செயினை அரம் போட்டு மறுநாள் ஓட்டினேன், முடிவு தலைகீழானது. மழுங்கிய செயினுக்கும் கூரான செயினுக்கும் இருக்கும் வித்தியாசம், இரண்டு இயந்திரங்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிது.

தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான பல் மரத்தை அவல்போலச் சீவித் தள்ளும். கேழ்வரகு மாவுபோலப் பொடி வந்தால் செயின் மழுங்கிவிட்டது. அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) கொண்ட செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம், சிறு பல் கொண்ட குறைந்த உயரச் செயினுக்கு 4 மி.மீ. அரம்.

தரையில் கிடத்திய, 30 செ.மீ. விட்டமுள்ள ஒரே கட்டையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நான்கு வெட்டு. முதல் வெட்டை விட்டுவிட்டு மற்ற மூன்றின் நேரத்தை எழுதுங்கள். இயந்திரத்தை அழுத்தாதீர்கள்; தன் எடையிலேயே இறங்கட்டும். இடது கட்டைவிரல் முன் கைப்பிடியை முழுதாகச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். காலில் வெட்டுத் தடுப்புக் கால்சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 6: மூடியைக் கழற்றுங்கள்

கட்டுமானத் தரம் வெளியே தெரியாது. ஏர் பில்டரைக் கழற்றி அதன் பின்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே தூள் இருந்தால் அது இன்ஜினுக்குள்ளும் போகிறது. என்ஜின் அடிப்பகுதி மக்னீசியம் வார்ப்பா, பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் என்றால் உடனே மோசம் என்று அர்த்தமில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு மக்னீசியம், வருடத்தில் இருபது நாள் ஓட்டுகிறவருக்கு எதுவானாலும் போதும். அதிர்வைத் தாங்குவது ரப்பரா, ஸ்பிரிங்கா என்றும் பாருங்கள். ஸ்பிரிங் உள்ளதை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் காப்பி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குவதில்லை. பாரை இறுக்கும் நட்டு மூடியோடு சேர்ந்தே இருந்தால் பெரிய நிம்மதி. இலைச் சருகுக்குள் விழுந்த ஒரு நட்டைத் தேடி எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிருக்கிறது.

படி 7: கடைக்காரரிடம் மூன்று பொருள் கேளுங்கள்

கார்புரேட்டர் டயாப்ரம், கிளட்ச் டிரம், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங். இந்த மூன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து உங்கள் கையில் வைத்தால் அந்த இயந்திரத்தை வாங்கலாம். "ஆர்டர் போட்டால் வந்துவிடும்" என்றால் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். பழம் பறிக்கும் காலத்தில் இயந்திரம் ஒரு வாரம் நின்றால் மிச்சம் பிடித்த பணம் கூலியில் போய்விடும்.

மலையில் மரம் வெட்டுவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-இல் கொண்டுவந்தது. சொந்தத் தோட்டம்தானே என்று இருந்துவிடாமல், நின்ற மரத்தில் கைவைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நான் வாங்கியது 45 சிசி வகையில் 2.3 கிலோவாட் இயந்திரம், 16 அங்குலப் பார். மலையிலேயே இருக்கும், வருடத்தில் முப்பது நாளுக்குள் ஓடும் இயந்திரத்துக்கு அது போதும். என்னைப்போல் இல்லாமல் கூலிக்கு அறுப்பவர் என்றால், தானாகச் சரிசெய்துகொள்ளும் 50 சிசி தொழில்முறை இயந்திரத்துக்குப் பணம் சேருங்கள். முதல் வாரமே தோள் வித்தியாசத்தைச் சொல்லும். இயந்திரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணிநாடா ஒட்டி 'மலை' என்று எழுதியிருக்கிறேன். யார் இரவல் கேட்டாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இரண்டாவது பின்சேர்க்கை: ஆடி மாத மழைக்குப் பிறகு இயந்திரம் ஸ்டார்ட் ஆகவே இல்லை என்று நாகலூரிலிருந்து ஒருவர் எழுதினார். கேட்டதில், மூன்று மாதம் பெட்ரோலோடு வைத்திருக்கிறார். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் மெல்லிய டயாப்ரம் விறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அவர் டயாப்ரம் மாற்றி, புதுப் பெட்ரோல் கலந்து ஊற்றினார். மூன்றாவது இழுப்பில் எடுத்துவிட்டதாக நேற்று செய்தி அனுப்பியிருக்கிறார்.