சிங்க் பெட்டிக்கு மட்டும் வேறு பலகை

குசினிக்குப் பன்ட்ரி கபட் அடிக்கக் கொடுக்கும்போது சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டியை மட்டும் தண்ணீரில் ஊதாத பிவிசி (பிளாஸ்டிக்) பலகையில் செய்யச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் மெலமைன் பலகையிலேயே இருக்கட்டும். கதவுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கைபிடி என்றால் வெளியில் வித்தியாசம் தெரியாது, முழுவதையும் பிவிசியில் செய்யும் செலவும் மிச்சமாகும்.

மெலமைன் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள்தான்; வெட்டிய விளிம்பிலும் குழாய்க்குப் போட்ட துளையிலும் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அப்புறம் பழைய நிலைக்கு வராது. கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் வெள்ளவத்தைப் பக்கம் நெருக்கமான ஃபிளாட்களில், சிங்க்குக்குக் கீழே நனைந்தது லேசில் காயாது. பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தச் சொல்லுங்கள், தரை கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. இதை தச்சு பாஸிடம் வேலை தொடங்க முன்னமே சொல்லிவிட வேண்டும்.

காஸ் அடுப்பு, ஓவன் பக்கத்துப் பெட்டிகளுக்கு இது சரிவராது, பிவிசி சூட்டில் இளகி வளையும். தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டில் முழுக்கச் செய்கிறீர்கள் என்றால் தனிப்பெட்டி தேவையே இல்லை.