ஸ்மித் வழியில் பாறை அடுக்குகளைப் பிரித்தறிவது எப்படி?

இங்கிலாந்தின் இரு களிமண் அடுக்குகளான ஆக்ஸ்ஃபோர்டு களியும் கிம்மரிட்ஜ் களியும் கையில் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னதில் தடித்து வளைந்த கிரைஃபியா என்ற புதைபடிவச் சிப்பி கிடைக்கும். பின்னதன் அடிப்பகுதியில் தட்டையான முக்கோணச் சிப்பி. ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் ஸ்மித் (1769–1839) பிடித்துக்கொண்ட துப்பு இதுதான்: பாறை ஒன்றுபோல இருந்தாலும் அதிலுள்ள புதைபடிவங்கள் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். சாமர்செட் நிலக்கரிக் கால்வாய்க்கு நில அளவை செய்தபோது கூர்மையான அந்தக் கண்தான் 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நிலவியல் வரைபடத்தைத் தந்தது.

கல்குவாரியோ ஓடைக்கரையோ, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டு இறங்குங்கள். பாறை முகத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைச் சுரண்டி, அடியிலிருந்து மேலாக அடுக்குகளுக்கு எண் போடுங்கள். தடிமனை அடுக்குத் தளத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். சாய்ந்த அடுக்கில் நாடாவை நேராகத் தொங்கவிட்டால் கணக்கு ஏமாற்றும்: 30° சாய்வில் 1 மீட்டர் என்று காட்டுவது உண்மையில் 0.87 மீட்டர்தான்.

புதைபடிவம் சேகரிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பாறையில் பதிந்திருப்பதை மட்டும் அந்த அடுக்கின் கணக்கில் எழுதுங்கள். கீழே உதிர்ந்து கிடப்பது எந்த அடுக்கிலிருந்தும் வந்திருக்கலாம், அதற்குத் தனிப் பை. அடுக்கு எண்ணை அங்கேயே சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் சேகரிப்பே வீண். சரளையில் உருண்டு தேய்ந்த சிப்பி கிடைத்தால் அது பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்தது, வயது சொல்ல உதவாது. ஒற்றைப் படிவத்தை நம்பாமல் கூட்டமாகப் பாருங்கள். வேகமாக உருமாறிய அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரிகள்) இதில் முதல் தரம்.

சாய்வைச் சரிவின் மேல்தோலில் அளக்காதீர்கள். மண் ஊர்ந்து அடுக்கை வளைத்திருக்கும். 2° சாய்வென்றால், சாயும் திசையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் இறங்கும். அடுத்த பள்ளத்தாக்கில் அந்த அடுக்கு எந்த உயரத்தில் தலைகாட்டும் என்று இதைக்கொண்டு முன்கூட்டியே குறித்துவிட்டு, போய்ச் சரிபாருங்கள். தவறினால் நடுவே பிளவுப்பெயர்ச்சி (பாறை உடைந்து இடம்பெயர்ந்த பிளவு) இருக்கலாம், அல்லது நீங்கள் அடுக்கை மாற்றிப் பிடித்திருக்கலாம்.

வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதிலும் ஸ்மித்துக்கு ஒரு தந்திரம் உண்டு: ஒவ்வோர் அடுக்கின் அடிவிளிம்பும் அடர்த்தி, மேலே போகப் போக வெளிறல். எது எதன்மேல் படிந்திருக்கிறது என்பது பார்த்ததுமே புரியும். அடிக்கோட்டில் நீர்வண்ணத்தைத் தாராளமாக வைத்து, காய்வதற்குள் ஈரத் தூரிகையால் மேல்நோக்கி இழுங்கள். தாமதித்தால் பட்டையின் நடுவே ஒரு கோடு விழுந்து, இல்லாத எல்லையைக் காட்டும்.